கம்பி அறுந்த வீட்டில் பாட்டு வகுப்பு

யமுனைக்குக் கிழக்கே குடியிருப்பவர்களின் லேண்ட்லைன் எண் 22 என்று தொடங்கும். எண்ணைச் சொன்ன மாத்திரத்தில், "ஜமுனாபார்லயா இருக்கீங்க?" என்று எதிர்முனையில் ஒரு தயக்கம் வரும். தெற்கு தில்லியில் நவராத்திரிக் கச்சேரி ஏற்பாடு செய்பவர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும்போதே, ராத்திரி எப்படித் திரும்பிப் போவேன் என்று கேட்டுவிடுவார்கள். கல்யாணமாகி நான் மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். அப்போது மெட்ரோ கிடையாது, நொய்டா போகும் டிஎன்டி பாலம் கிடையாது. உத்தர குருவாயூரப்பன் கோயில் இருந்தது. அதைச் சுற்றி மலையாளிகளும் தமிழர்களுமாக நிறைய குடும்பங்கள் இருந்தோம். அந்தக் குடும்பங்களின் குழந்தைகளுக்குத்தான் நான் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

தில்லிக்கும் மும்பைக்கும் என்று 1986-ல் தொடங்கப்பட்ட எம்டிஎன்எல்தான் அப்போது தொலைபேசி என்றால் எல்லோருக்கும். எக்ஸ்சேஞ்சிலிருந்து தரைக்கடியில் வரும் தடிமனான கேபிள், தெருமுனையில் இருக்கும் இரும்புப் பெட்டியில் பிரியும். அங்கிருந்து கட்டடத்தின் சுவரில் உள்ள சின்னப் பெட்டிக்கு வந்து, அதிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு நம் வீட்டுக்குள் நுழையும். அந்த இரண்டு கம்பியும் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் நமக்கே நமக்கு. 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டபோது நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2023-ல் அதையே 2 மெகாபிட் என்று உயர்த்தினார்கள். 256 காலத்தில் நியூ ஜெர்சிக்குக் குடிபோன சிஷ்யைக்கு ஒரு வர்ணத்தைப் பாடிப் பதிவுசெய்து அனுப்பினால், அது போய்ச்சேர அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும் என்று அடுப்பு வேலையைப் பார்ப்பேன். பாதியில் அறுந்துபோன நினைவு எனக்கில்லை.

பிறகு எங்கள் குடியிருப்பில் எல்லோரும் மாறியதுபோல நாங்களும் மாறினோம். பக்கத்து மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு கேபிள்காரர், மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கும், மின்கம்பத்திலிருந்து வேப்பமரத்துக்கும் கறுப்பு ஒயரை இழுத்து வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்தார். வேகம் பிரமாதம். மாத வாடகையும் குறைவு. கண்ணாடி இழைக் கேபிள் வந்த பிறகு வேகம் இன்னும் கூடியது. படம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு பூட்டப்பட்டதும் என் வகுப்புகள் எல்லாம் திரைக்குள் போயின. அதுவரை படம் பார்க்கும் கருவியாக இருந்த இணைப்பு என் பிழைப்பாகிவிட்டது. பாட்டு வகுப்பை நெட்டில் நடத்துவதில் இருக்கும் கஷ்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கம்பியை விட்டு நாங்கள் சிம் ரவுட்டருக்கு மாறிய கதை முழுவதும் அதில்தான் நிற்கிறது.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, குழந்தையும் நானும் சேர்ந்து பாட முடியாது. நேரில் உட்காரும்போது நான் ஒரு வரி பாட, குழந்தை கூடவே ஒட்டிக்கொண்டு பாடும். அப்படித்தான் கமகம் பிடிபடும். வெவ்வேறு இடத்தில் இருப்பவர்கள் ஒரே தாளத்தில் நிற்க வேண்டுமானால் ஒருவர் குரல் மற்றவருக்குச் சுமார் 25, 30 மில்லிசெகண்டுக்குள் போய்ச்சேர வேண்டும். அதற்கு மேல் போனால் தாளம் இழுக்க ஆரம்பிக்கும். தில்லியிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை கிட்டத்தட்ட 12,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். நேர்கோட்டில் கேபிள் போட்டால்கூட ஒரு வழிக்கு மட்டும் 60 மில்லிசெகண்ட் வேண்டும். கடலடியில் சுற்றிச் சுற்றிப் போகும் கேபிளில் அது இரட்டிப்பாகும். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே நான் பாடி நிறுத்துவேன், குழந்தை கேட்டுவிட்டுப் பாடும். வகுப்பு மெதுவாக நகரும். அதற்குப் பழகிக்கொண்டோம்.

இன்னொரு சங்கடம் தம்பூரா. மீட்டிங் செயலிகள் ஒரே சீராகத் தொடரும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். நான் இங்கே சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடுவேன். அங்கே குழந்தைக்குச் சுருதியே கேட்காது. செயலிக்குள் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தட்டினால் இந்த வடிகட்டல் நிற்கும் என்று பெங்களூரில் இருக்கும் என் மகள் சொல்லிக்கொடுத்தாள். பாட்டு சொல்லிக்கொடுக்கும் எல்லோரிடமும் அதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் கடந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் முடியாது. இணைப்பு நிலையாக இருக்க வேண்டும். தோடியில் காந்தாரத்தை அசைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது கால் நொடி ஒலி விட்டுப்போனால், குழந்தைக்குக் கேட்பது வேறொரு ஸ்வரம். செயலி தானாக அந்த இடைவெளியை இட்டு நிரப்பும்போது இன்னும் மோசம். நான் பாடாத ஒன்றைக் குழந்தை அப்படியே திருப்பிப் பாடும். இத்தனைக்கும் பாட்டுக்கு வேகம் வேண்டியதே இல்லை. குரலுக்கு நூறு கிலோபிட்டுக்குள் போதும், முகமும் தெரிய வேண்டுமென்றால் ஒன்று ஒன்றரை மெகாபிட். விளம்பரங்களில் 100, 300 என்று போடுகிறார்களே, அதில் எதுவும் எனக்கு உதவாது. சுருதி மாதிரி, தொடங்கியதிலிருந்து முடியும்வரை கலையாமல் இருந்தால் போதும். அப்படியொரு நிலைத்தன்மைக்கு விலைப்பட்டியல் போட்டு யாரும் விற்பதில்லை.

எங்கள் கறுப்பு ஒயருக்கு ஆபத்துகள் மூன்று திசைகளிலிருந்து வந்தன. எரிவாயுக் குழாய்க்கும் கழிவுநீருக்கும் மாறி மாறித் தெருவைத் தோண்டினார்கள். குரங்குகள் கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடிக் கட்டடத்துக்குக் கட்டடம் தாண்டின. நடுவில் ஒரு வீட்டு மாடிப்படியில் கேபிள்காரர் வைத்திருந்த பெட்டிக்கு அந்த வீட்டு மின்சாரம்தான். அவர்கள் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனால் எங்கள் வரிசை முழுவதற்கும் நெட் போய்விடும். போன் செய்தால், "பஸ், பாஞ்ச் மினட் மே, மாதாஜி" (இதோ, ஐந்தே நிமிஷத்தில்) என்று பதில் வரும். வந்த பையன்கள் நல்ல பையன்கள். உச்சி வெயிலில் ஏணியில் நின்றுகொண்டு இழையை ஒட்டித் தருவார்கள், மோர் கொடுப்பேன். அவர்கள் போன மறுநாள் வேறு இடத்தில் அறுந்திருக்கும். சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் உட்காரும்போது நியூ ஜெர்சியில் வெள்ளி இரவு ஒன்பது மணி. வாரம் முழுக்கப் பள்ளி முடித்த குழந்தையைத் தூங்கவிடாமல் பெற்றோர் திரை முன்னால் உட்காரவைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் இணைப்பு இல்லை என்று செய்தி அனுப்புவது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

2023 ஜூலையில் யமுனை பொங்கியது. 13-ஆம் தேதி நீர்மட்டம் 208.66 மீட்டர். 1978-ன் 207.49 மீட்டர்தான் அதுவரை பெரிது என்று பழைய தில்லிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தது அன்று பழங்கதையானது. ஆற்றுப்படுகையில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் கிடைத்த சாமான்களுடன் மேலே ஏறிவந்து மயூர் விஹார் சாலையோரத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். எருமைகளும் சாலையில் நின்றன. அந்த வார மழையில் எங்கள் இணைப்பும் போனது. இந்த முறை கேபிள்காரர் போனையே எடுக்கவில்லை.

கோயிலிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனவர்களுடன் நானும் அந்தச் சாலைக்குப் போயிருந்தேன். கூடாரத்துக்கு வெளியே ஒரு பெண்குழந்தை, திரை விரிசல் விட்ட ஒரு போனில் பள்ளியிலிருந்து வந்த வீட்டுப்பாடத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருப்புக்கு என்றைக்குமே கம்பி வந்ததில்லை; வரப்போவதாகவும் தெரியவில்லை. பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தையும் அந்தக் குழந்தைகள் ஒரு சிம் கார்டை வைத்துக்கொண்டுதான் படித்துத் தாண்டியிருக்கிறார்கள். வேறு வழியே இல்லாத அவர்களுக்கு அந்த சிம்தான் எல்லாமும். எனக்கோ காற்றில் வரும் நெட் என்றால் அவசரத்துக்குத் தொட்டுக்கொள்வது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. அன்று சாயங்காலம் என் கணவரிடம், "சிம் போடற ரவுட்டர் ஒண்ணு வாங்கிடலாமா?" என்று கேட்டேன். "பாட்டுக்கு அது தாங்குமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

வாங்கினோம். உள்ளங்கை அகல டப்பா, பின்னால் இரண்டு ஆன்டெனா, சிம் போட ஒரு பிளவு. 4ஜி. டிராயிங் ரூமில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தபோது படம் நன்றாக ஓடியது. என் குரல் மட்டும் அந்தப் பக்கம் உடைந்து உடைந்து போனது. ஏன் என்பதை மாடி வீட்டு மலையாளிப் பையன் விளக்கினான். நொய்டாவில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பொறியாளன். "ஆன்ட்டி, டவர் பல வாட்ஸ்ல பேசும். உங்க ரவுட்டருக்கு அதிகபட்சம் 200 மில்லிவாட்தான். அது சொல்றது உங்களுக்குக் கேட்கும். நீங்க சொல்றது அதுக்குக் கேட்கணுமே!" என்றான். எனக்கு உடனே புரிந்தது. இறக்கத்தில் குறையில்லாமல் ஏற்றத்தில் மட்டும் குறை வந்ததற்கு அதுதான் காரணம். உலகத்தில் பெரும்பாலோர் இறக்கித்தான் பார்க்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்களுக்குத்தான் ஏற்றுவது உயிர்.

அவன் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தான். சிக்னலின் பலம் மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 110-க்குப் பக்கத்தில் இருந்தால் பயனில்லை. மைனஸ் 85-க்கு இந்தப் பக்கம் வந்தால் நல்லது. படுக்கையறையில் ஒன்றுமில்லை. டிராயிங் ரூமில் சுமார். சமையலறை ஜன்னலில் பிரமாதம். மார்க்கெட் கட்டடத்தின் உச்சியில் இருந்த டவருக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரத்தின் கிளை மட்டும்தான். கம்பி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் வரும். காற்றில் வருவது அப்படியில்லை. கிழக்குப் பார்த்த ஃபிளாட்டுக்கு ஒரு நீதி, மேற்குப் பார்த்ததற்கு ஒரு நீதி. எந்த அலைவரிசை வந்து சேருகிறது என்பதைப் பொறுத்து இன்னொரு நீதி. 850 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைத்து உள்ளே வரும், ஆனால் அதில் இடம் குறைவு. 2300-ல் இடம் நிறைய, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ஆக, ரவுட்டர் சமையலறைக்குப் போனது, மிளகாய்ப்பொடி டப்பாக்களுக்கு மேல் ஒரு பலகை அடித்து. அங்கிருந்து பாட்டு அறைக்கு ஒரு லேன் ஒயர் இழுத்தோம். வீட்டுக்குள் வைஃபையை நம்பாமல் ஒயர் இழுத்ததில்தான் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்பது என் அனுபவம்.

ரவுட்டர் குடித்த மின்சாரம் அற்பம். 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்றை வைத்ததும், கரண்ட் போனாலும் வகுப்பு ஓடியது. கேபிள் நாட்களில் இது சாத்தியமில்லை. என் வீட்டில் கரண்ட் இருந்தாலும் நடுவில் எவர் வீட்டிலோ இருக்க வேண்டுமே.

அக்டோபரில் வேறொரு பாடம் கிடைத்தது. உலகக் கோப்பை கிரிக்கெட். இந்தியா ஆடும் நாட்களில், ராத்திரி லண்டன் வகுப்பு நேரத்தில் சிக்னல் முழுதாக இருக்கும், ஆனால் குரல் போகாது. ஒரு டவரின் கொள்ளளவை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். நவம்பர் 19 அன்று நடந்த இறுதிப்போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததாகச் செய்தி வந்தது. மொபைலில் இலவசம். எங்கள் மார்க்கெட்டில் பழ வண்டிக்காரரிலிருந்து காவலாளி வரை எல்லோர் கையிலும் அந்த ஆட்டம். அவர்களிடம் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அந்த டவர் அவர்களுக்கும் சொந்தம். லண்டன் குழந்தையை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் அந்த 4ஜி டப்பா பழைய செம்புக் கம்பியைப் போல உழைத்தது.

மறு வருஷக் கோடையில் என் கணவர் டெசர்ட் கூலரைச் சமையலறைப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றினார். தில்லியின் பழைய கூலர்களுக்கு உடம்பு முழுக்க இரும்புத் தகடு. அன்றிலிருந்து சிக்னல் படுத்துவிட்டது. ரவுட்டர் கெட்டுப்போய்விட்டது என்று வேறு வாங்கக் கடைக்குக் கிளம்பியவரை மாடிப் பையன்தான் நிறுத்தினான். கூலரை இரண்டடி தள்ளி வைத்ததும் எல்லாம் சரியானது.

இதற்கிடையில் 2022 அக்டோபர் முதல் தேதி தில்லியில் தொடங்கிவைக்கப்பட்ட 5ஜி எங்கள் பக்கமும் நன்றாகப் பரவிவிட்டிருந்தது. 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் வீட்டுக்கென்றே கம்பியில்லா 5ஜி இணைப்பை அறிமுகப்படுத்தின. இதில் வெளியே ஒரு வெள்ளைப் பெட்டியை டவரைப் பார்த்தபடி மாட்டுகிறார்கள். சுவருக்குள் அலை நுழைய வேண்டிய அவசியமே இல்லை. கூலர் சம்பவத்துக்குப் பிறகு அதற்கு மாறினோம். மாட்ட வேண்டிய இடம் மொட்டை மாடி. அதற்கு மேல்மாடிக்காரரின் சம்மதம், அசோசியேஷனின் சம்மதம், தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக ஒயர் இறக்க அனுமதி. கையெழுத்துகள் வாங்கிய விவரத்தை இங்கே எழுதினால் அலுப்புத் தட்டும். மாட்டிய பிறகு கேபிள் இணைப்பை முடித்துக்கொண்டோம். வேப்பமரத்தில் தொங்கிய எங்கள் ஒயரை யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை.

வெளியூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் தோழிகள் கேட்கிறார்கள், நாங்களும் லைனை விட்டுவிடலாமா என்று. நல்ல கண்ணாடி இழை, தரைக்கடியில் வருவது, உங்கள் வீட்டில் இருந்தால் அதை விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அதைவிட நிலையான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. அது இல்லாத இடத்தில் சிம் ரவுட்டர் போதும். ஆனால் வாங்குவதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு, அதே நிறுவனத்தின் சிம் உள்ள போனை ஜன்னலில் வைத்து ஏற்றும் வேகத்தை அளந்து பாருங்கள். காலையில் அளந்த கணக்கை நம்பி வாங்காதீர்கள்.

போன குளிர்காலத்தில் எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. பம்ப் ஹவுஸ் மேல் புது டவர் வைக்க ஒரு நிறுவனம் இடம் கேட்டிருந்தது. அதை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கதிர்வீச்சு என்ற பயம். எதிர்த்தவர்களில் ஒருவர் புற்றுநோயிலிருந்து மீண்டவர். அவர் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2011-ல் ரேடியோ அலைகளை 'வாய்ப்பு இருக்கலாம்' என்ற வகையில் வைத்தது உண்மை. அதே சமயம், 2012 செப்டம்பரில் டவர்களுக்கு நம் நாடு விதித்த வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் நம் பகுதியின் டவர்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூட்டத்தில் இவற்றைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். டவர் தூரத்தில் இருந்தால் போன் இன்னும் பலமாகக் கத்த வேண்டும்; கத்துவது நம் காதுக்குப் பக்கத்தில். கிட்டத்தில் டவர் இருந்தால் போன் மெதுவாகப் பேசும்.

கூடவே ஒரு கோரிக்கை வைத்தேன். டவரைப் பற்றி முடிவெடுக்கும்போதே, அடுத்த முறை குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டுபவர்களிடம் கேபிளுக்கும் ஒரு குழாயைச் சேர்த்துப் பதிக்கச் சொல்லி எழுத வேண்டும். தோண்டுவதற்கு முன் கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலியையே மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறது. எங்கள் தெருவில் அதை யாரும் பயன்படுத்தி நான் பார்க்கவில்லை. காற்றும் வேண்டும், கம்பியும் வேண்டும். ஒன்று படுத்தால் மற்றொன்று தாங்கும்படி ஒரு குடியிருப்பு இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

செயலாளர் இரண்டையும் குறித்துக்கொண்டார். டவருக்கு எதிரான தீர்மானம் அன்று ஓட்டுக்கு விடப்படவில்லை. கேபிள் குழாய்க்கான கடிதத்தை நானே இந்தியில் எழுதி, மாடிப் பையனைத் திருத்தச் சொல்லி, மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.